கண்ணாடி நீக்கும் ஒளிச் சிகிச்சை

(சிங்காநல்லூரிற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் வைத்தியம் பேசப் புகுந்தது எதற்கு எனச் சிலர் நினைக்கக்கூடும். நியாயமே. ஆயினும் நம் குடும்பங்களிற் காணும் ஒன்று என்னைப் பேசத் தூண்டிற்று. பெண் பார்க்க வருவோர் மூக்குக்கண்ணாடியைக் கண்டு முகஞ் சுளிக்கின்றனர். அதற்கஞ்சிய பெற்றோர், 17 வயதுப் பெண்ணையும் லேசர் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல விரைகின்றனர். அச்சிகிச்சை இன்னதென அறிந்த பின்னரன்றோ விரைதல் தகும்?

கண்ணின் முன்புறத்தே, கடிகாரத்தின் மேற்கண்ணாடி போலக் கவிந்து நிற்கும் தெளிந்த படலம் ஒன்றுண்டு. அதனைக் கார்னியா என்பர். ஒளியை வளைத்துக் குவிக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. விழி சற்று நீண்டிருப்பின் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவியும். இதுவே பெரும்பாலும் கிட்டப்பார்வைக்குக் காரணம். அப்படலத்தின் நடுவைச் சிறிது தட்டையாக்கினால், குவியும் இடம் பின்னே நகர்ந்து திரையிற் பொருந்தும்.

ஆனால் கண்ணைச் சுடாமற் செதுக்குவது எங்ஙனம்? ஈண்டு நம்மவர் ஒருவரை நினைத்தல் கடன். 1929-ல் சென்னையிற் பிறந்து, சென்னைச் சர்வகலாசாலையிற் பயின்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிச்சாலையில் இருந்தார். 1981 நவம்பரில், அந்நாட்டார் வான்கோழி சமைத்துண்ணும் பண்டிகையின் மறுநாள், மிஞ்சிய துண்டொன்றை ஆராய்ச்சிச்சாலைக்குக் கொண்டுவந்து எக்ஸைமர் என்னும் புறவூதா லேசரை அதன்மேற் செலுத்தினார். மற்றொரு வகை லேசர் பட்ட இடம் கருகிற்று. இது பட்ட இடமோ அயல் சுடாது தெளிவாகக் குடைபட்டிருந்தது. அவ்வொளி அணுக்களின் பிணைப்பையே அறுத்து, வெப்பம் பரவுமுன் துகளாய்ச் சிதறச் செய்கின்றது. விருந்தில் மிஞ்சியது உலகிற்கு இவ்வளவு பயன்பட்டமை யான் வேறெங்கும் கேட்டதில்லை! 1983-ல் டிரோக்கெல் என்னும் கண் வைத்தியர் அவரோடு சேர்ந்து கார்னியாவில் இதனை ஆராய்ந்தார். 2013-ல் ஸ்ரீநிவாசனுக்கும் உடனுழைத்த புளூம், வின் என்னும் இருவருக்கும் அமெரிக்க ஜனாதிபதியின் பதக்கம் வழங்கப்பெற்றது.

இன்று லாசிக் முறையில் கார்னியாவின் மேலேட்டை மெல்லிய மடலாகத் திறந்து, கீழ்ப்பகுதியை இவ்வொளியாற் செதுக்கி, மடலை மீண்டும் மூடுவர். மடலின்றிச் செய்யும் முறைகளும் உள.

இனிக் கணக்கொன்றைக் கேளுங்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். கார்னியாவின் நடுத் தடிப்பு சுமார் 540 மைக்ரான். மடலுக்கு 110 போகும். ஒரு பவர் குறைக்க ஏறத்தாழ 14 கரையும். அடியில் 250-க்குக் குறையாமல் எஞ்ச வேண்டுமென்பது வைத்தியர் கொள்ளும் எல்லை. தடிப்பு 540 உள்ளவர்க்கு 10 பவர் நீக்கினால் 290 எஞ்சும். 480 மட்டுமே உள்ளவர்க்கோ 230 தான். அவ்வாறு மெலிந்த படலம் நாளடைவிற் கூம்பிப் புடைத்துப் பார்வையைக் கெடுக்கலாம். இயல்பாகவே கூம்பும் நோயுடையார்க்கு இச்சிகிச்சை ஆகாது. ஆதலின் தடிப்பும் வடிவும் அளந்து பாராமல், "பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் செய்தார்களே" என்று வாதாடுதல் வீண்.

வயது 18 நிரம்ப வேண்டும்; ஓராண்டேனும் பவர் மாறாது நிற்க வேண்டும். கருவுற்ற காலத்தும் பாலூட்டும் காலத்தும் செய்தலாகாது. சிலர்க்குச் சில மாதம் கண் உலர்தலும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றலும் உண்டு. நாற்பதுக்கு மேல் வரும் சாளேசரத்தை இது தடுக்காது. படிக்கக் கண்ணாடி வேண்டியே வரும்.

தகுதியுடையார் தாமே விரும்பிச் செய்துகொள்வதை யான் மறுக்கவில்லை. நம் கோயமுத்தூரிலேயே செய்கின்றனர். ஆனால் மாப்பிள்ளை வீட்டார்க்காகப் பெண்ணின் கண்ணில் ஒளி பாய்ச்சுவது எனக்குச் சம்மதமன்று. கண்ணாடி அணிந்த மாப்பிள்ளையை எவரும் திருப்பியனுப்பக் கண்டிலேன்!

பரிசோதனைக்குச் செல்வோர் பழைய கண்ணாடிச் சீட்டுகளை உடன்கொண்டு செல்க. கண்ணுள் லென்ஸ் வைப்போர் வைத்தியர் சொல்லும் நாள் வரை அதனை நிறுத்துக. பவர் நீங்கினும் விழியின் நீளம் குறைவதில்லை. ஆதலால் மிகுந்த கிட்டப்பார்வை இருந்தவர்கள் சிகிச்சைக்குப் பின்னரும் விழித்திரையைச் சோதித்து வருக. மின்னல் தோன்றினாலோ, திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் செல்க.