ஊரைத் தாண்டினால்தான் உள்ளம் தெரியும்!

(தலைப்பு: கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொள்வது வீட்டிலா? பயணத்திலா? 'பயணத்திலே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, 'வீட்டிலேதான்' என்று அடித்துப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டாங்க. 'முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவங்களுக்குத் தெரியாதது, பத்து நாள் டூர்ல தெரிஞ்சிடுமா?' அப்படின்னு. நல்ல கேள்வி. கைதட்டலும் வாங்கிட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு நான் உட்கார்ந்துடறேன்.

ஒரே கூரைதான், ஒத்துக்கறேன். அந்தக் கூரைக்குக் கீழே என்ன நடக்குது? அவர் ஹாலிலே, பேப்பரோடு. நான் அடுப்படியிலே, குக்கரோடு. 'ஏங்க, கேஸ் தீரப் போகுது' என்பேன். 'ம்' என்பார். 'பையன் போன் பண்ணினான்' என்பேன். 'ம்' என்பார். 'ஏங்க, வீடு தீப்பிடிச்சு எரியுது' என்று சொல்லிப் பாருங்கள். அதுக்கும் 'ம்'! (சிரிப்பு) இந்த 'ம்'மை எல்லோரும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலே வருவேன்.

எங்க ஊர் திருநெல்வேலி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரர் பேங்கிலே வேலை பார்த்தவர். இரண்டு பேரும் ரிட்டையர் ஆனோம். 2025 ஜனவரியில், கல்யாணமாகி 33 வருஷத்துக்கு அப்புறம், முதல்முதலாக இரண்டே பேராக ஒரு பயணம் கிளம்பினோம். ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட். ஐந்து நாடு, ஐந்து ஊர், 18 நாள். எல்லாம் ரயிலிலே.

மகன் சொன்னான்: "அம்மா, பேக்கேஜ் டூர்ல போங்க. பஸ் வரும், கைடு வருவார், சாம்பார்கூட வரும்." இவர் சொன்னார்: "எல்லாத்தையும் அவங்களே செஞ்சா, நாங்க எதுக்குடா போகணும்?" அவ்வளவுதான். ஆளுக்கொரு முதுகுப்பை, பத்து கிலோவுக்கு மேலே இல்லை. அவரவர் பையை அவரவரே சுமக்கணும். நடுவர் அவர்களே, எங்க வீட்டு மளிகைப் பையை யார் சுமப்பார் என்று என்னைக் கேட்காதீர்கள். (சிரிப்பு)

"குளிர்காலத்துல யாராவது ஐரோப்பா போவாங்களா?" என்று தெருவே கேட்டது. கிறிஸ்துமஸ் கூட்டம் ஓய்ந்த ஜனவரியில் தங்கும் இடம் மலிவு, கூட்டம் குறைவு. ஆனால் குளிர் குளிர்தான். காலை எட்டு மணிவாக்கிலேதான் விடியும், சாயங்காலம் நாலு மணி தாண்டினால் இருட்டு. கனமான கோட்டு ஒன்று போட்டால் போதாது. வெங்காயம் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு மெல்லிய உடுப்பு வேணும். இடையிலே நிற்கிற காற்றுதான் சூட்டைக் காக்கும். ரயிலுக்குள்ளே ஏறினால் ஹீட்டர். உடனே ஒவ்வொன்றாக உரிக்கணும், இறங்கும்போது திரும்ப மாட்டணும். பட்டன் போடக் கையுறை விடாது. அதனால் அவருக்கு நான், எனக்கு அவர். 33 வருஷத்தில் என் கோட்டுக்கு அவர் பட்டன் போட்டது அதுதான் முதல் தடவை. (கைதட்டல்)

பெர்லினுக்கு வருவோம். அங்கே பெர்னவர் தெரு என்று ஒரு தெரு. 1961 ஆகஸ்டு 13, ஞாயிற்றுக்கிழமை. ஜனங்கள் எழுந்து பார்த்தால் ஊருக்கு நடுவிலே முள்கம்பி. பிறகு அது சுவராயிற்று. அந்தத் தெருவிலே ஒரு வரிசை வீடுகள் கிழக்கு பெர்லின், வாசற்படிக்கு வெளியே நடைபாதை மேற்கு பெர்லின். வாசலை அடைத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினவர்களும் உண்டு, குதித்துச் செத்தவர்களும் உண்டு. தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். 28 வருஷம். 1989 நவம்பர் 9ஆம் தேதிதான் வழி திறந்தது. மிச்சமிருக்கிற சுவரை இன்றைக்கும் நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். அங்கே இவர் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார்.

அது அரசாங்கம் கட்டின சுவர். இடித்துவிட்டார்கள். நம்ம வீடுகளிலே ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவிலே யாருமே கட்டாத சுவர் ஒன்று நிற்குதே, அதை யார் இடிக்கிறது?

சொல்றேன். அந்தச் சுவர் இடிந்தது ஜெர்மனியிலே, ஒரு ரயில் நிலையத்திலே. பிராக் ரயிலுக்காக நிற்கிறோம். ஒலிபெருக்கியிலே முதலில் ஜெர்மன் மொழியில் என்னவோ சொன்னார்கள். அடுத்து இங்கிலீஷ்லே: ரயில் வேறு பிளாட்பாரத்துக்கு வருகிறது. பிளாட்பாரமே காலியாகுது. இவர் மட்டும் சிலை மாதிரி நிற்கிறார். "ஏங்க, பிளாட்பாரம் மாறிடுச்சு!" என்றேன். அசையவில்லை. தோளைத் தொட்டதும் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டி "என்னம்மா?" என்றார்.

ஓடிப்போய் ஏறிவிட்டோம். மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு அவரே சொன்னார்: "இடது காது ரெண்டு வருஷமா சரியாக் கேட்கலைம்மா." "வீட்ல ஏன் சொல்லலை?" என்றேன். "வீட்ல டி.வி. சத்தத்தைக் கூட்டி வச்சுச் சமாளிச்சுடலாம். நீயும் எப்பவும் சத்தமாத்தானே பேசுறே!" (பலத்த சிரிப்பு)

சிரியுங்கள். ரயிலிலே நானும் சிரித்தேன். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார். "செவிடன்னு பேரு வாங்கிடுவோமோன்னு பயமா இருந்துச்சு. நீ எதாவது சொன்னா 'ம்'னு சொல்லிட்டா, பாதி நேரம் சரியாப் போயிடும்."

நடுவர் அவர்களே, ஞாபகத்தில் வைக்கச் சொன்னேனே, அந்த 'ம்' இதுதான். வீட்டுக்குள்ளே அதற்கு 'அலட்சியம்' என்று பெயர். ஜெர்மன் பிளாட்பாரத்திலேதான் அதற்குச் சரியான பெயர் தெரிந்தது. ஊர் திரும்பின வாரமே காது டாக்டரைப் பார்த்தோம். இன்றைக்குக் காதிலே மெஷின் மாட்டி முன்வரிசையிலே உட்கார்ந்திருக்கிறார். நான் பேசுறது எல்லாமே இப்போது கேட்கிறது. பாவம்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி கேட்கும்: 'டூர் போனா சண்டைதானே வருது?' வரும். எங்களுக்கும் வந்தது. பிராகிலே சார்லஸ் பாலம். நீளம் 500 மீட்டருக்கு மேலே, இரண்டு பக்கமும் 30 சிலைகள். ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்துது. முப்பது சிலையையும் போட்டோ எடுக்கணும் என்கிறார் இவர். "என் கால் விரல் இருக்கா இல்லையான்னே தெரியலைங்க" என்கிறேன் நான். பன்னிரண்டாவது சிலைக்கிட்டே பெரிய சண்டை.

நம்ம ஊரிலே சண்டை வந்தால் அவர் டீக்கடைக்குப் போவார், நான் எதிர்வீட்டு அக்காகிட்டே போவேன். அவருக்கு ஆறுதல் அங்கே, எனக்கு ஆறுதல் இங்கே. சண்டை அப்படியே மூடிக் கிடக்கும், தீராது. ஆனால் அந்தப் பாலத்திலே கண்ணுக்கெட்டின தூரம் தமிழ் தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான்! அவரைப் பற்றின புகாரை அவர்கிட்டேயேதான் சொல்லியாகணும்! (பலத்த சிரிப்பு) சொன்னேன். கேட்டார். பதிமூன்றாவது சிலைக்கு முன்னாலே சமாதானம்.

அடுத்து வியன்னா. ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும். தங்கின இடத்திலே பொதுச் சமையலறை இருந்தது. கையிலே அரிசி, பருப்புப்பொடி, முந்தின நாள் வாங்கின ஒரு முட்டைக்கோஸ். அந்தப் பக்கத்து நாடுகளிலே முட்டைக்கோஸுக்குப் பஞ்சமே கிடையாது. சமைத்தோம். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பொரியலை ஓரமாக ஒதுக்கினேன். அவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கோஸ் பிடிக்காதா?"

"பிடிக்காதுங்க."

"எப்போ இருந்து?"

"பிறந்ததுல இருந்து." (சிரிப்பு)

"அப்புறம் ஏன் வாராவாரம் சமைக்கிறே?"

"உங்களுக்குப் பிடிக்குமேன்னுதான்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கும் ஒண்ணும் பிடிக்காது. நீ செய்யறேன்னு சாப்பிட்டேன்!" (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

33 வருஷம்! வாரத்துக்கு ஒரு கோஸ் என்று கணக்கு டீச்சர் நான் பெருக்கிப் பார்த்தேன். 1,700 கோஸுக்கு மேலே! இவ்வளவும் யாருக்காக? இதிலே வேடிக்கையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு, தாய்மார்களே. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர் ஏன் பார்க்கவில்லை? வீட்டிலே நான் கடைசிப் பந்தி. எல்லோரும் எழுந்த பிறகுதான் என் தட்டு வரும். பார்க்காதது அவர் குணத்தாலே இல்லை, வீட்டின் வழக்கத்தாலே. வழக்கத்துக்கு வெளியே வந்தால்தான் ஆளே கண்ணுக்குத் தெரியுது. இப்போது எங்க வீட்டிலே இரண்டு தட்டும் ஒன்றாகத்தான் வைக்கிறோம்.

ஐரோப்பாக் குளிர் என்றால் இந்தக் கணக்கு டீச்சருக்கு ஞாபகம் வருகிறவர் சீனிவாச ராமானுஜன். 1914லே கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். ஜானகி அம்மாள் இங்கேயே இருந்தார். அங்கே ராமானுஜன் குளிரிலே ராத்திரி கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். பார்க்க வந்த மகலனோபிஸ், பின்னாலே பெரிய புள்ளியியல் மேதை ஆனவர், படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆனால் மெத்தைக்கு அடியிலே இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டிருந்தது. அதை விலக்கி, கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்கணும் என்று ராமானுஜனுக்கு யாரும் சொல்லவில்லை. உலகமே வியந்த கணிதமேதை! பக்கத்திலே ஜானகி அம்மாள் இருந்திருந்தால், இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் போர்வையை இழுத்துப் பார்த்திருக்க மாட்டார்களா? 1919லே உடம்பு கெட்டுத் திரும்பி வந்தார். 1920 ஏப்ரல் 26, 32 வயதிலே போய்விட்டார். ஜானகி அம்மாள் 1994 வரைக்கும், ஏறக்குறைய 74 வருஷம், அவர் இல்லாமலே வாழ்ந்தார்.

அவர்களுக்குக் காலம் அமையவில்லை. நமக்கு அமைந்திருக்கு. 'பையன் படிப்பு முடியட்டும், பொண்ணு கல்யாணம் முடியட்டும், பேரன் பிறக்கட்டும்' என்று தள்ளிப்போடுகிறோமே, கடைசியிலே இரண்டு பேரிலே ஒருத்தர்தானே மிஞ்சுகிறார்?

பணம்? எங்களுக்கும் மரத்திலே காய்க்கவில்லை. அவருடைய ரிட்டையர்மெண்ட் பணத்திலே ஒரு பங்கு. ஐரோப்பாவுக்குத்தான் போகணும் என்று நான் சொல்ல வரவில்லை. ராமேஸ்வரம் போங்கள், கோதாவரிக் கரைக்குப் போங்கள். நிபந்தனை மூன்றுதான். இரண்டே பேர் போகணும். அவரவர் பையை அவரவர் சுமக்கணும். வழி தெரியாத ஊராக இருக்கணும். வழி தெரியாதபோதுதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்போம்.

ஐரோப்பாவிலே ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 1985லே ஐந்து நாடுகள், லக்சம்பர்கிலே ஷெங்கன் என்கிற சின்னக் கிராமத்திலே, எல்லைச் சோதனையை எடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டன. இன்றைக்கு 29 நாடுகள் அதிலே இருக்கு. சில இடத்திலே போலீஸ்காரர் வந்து பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார். மற்றபடி ஒரே விசாவிலே ஐந்து நாடும் போய் வந்துவிட்டோம். ஒருகாலத்திலே சண்டை போட்ட தேசங்களே எல்லையைத் தளர்த்தும்போது, ஒரே தாலிக்கயிறு கட்டின நமக்கு என்ன தடை?

வீடு வேணும் நடுவர் அவர்களே. வாழ்வதற்கு வீடு வேணும். ஆனால் யாரோடு வாழ்கிறோம் என்று தெரிந்துகொள்ள, ஒரு தடவையாவது அந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டிலே கொடுக்கணும். ஆகவே, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நன்கு புரிந்துகொள்வது பயணத்திலேதான் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பை மாற்றிச் சொன்னால், நடுவர் வீட்டுக்கு வாராவாரம் ஒரு முட்டைக்கோஸ் அனுப்பி வைப்பேன் என்பதையும் தாழ்மையோடு தெரிவித்துக்கொண்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)