மலிவு டயரும் மழைச் சாலையும்

(கெடா தோட்டத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், குடியிருப்பு, மருத்துவம் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று இந்த மேடையில் காடி டயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதென்ன, பட்டறைக்காரர் பேசவேண்டிய விஷயமாயிற்றே!" என்று சிலர் நினைக்கலாம். தோட்டத்தின் இன்றைய நிலையை எண்ணிப் பார்ப்பவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

முன்னொரு காலத்தில் பிரட்டுக் களமும், லயமும், பள்ளிக்கூடமும், கோயிலும், கடையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வேலைக்கும் பள்ளிக்கும் கால்நடையாகவே போய் வந்தோம். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. வீடமைப்புத் திட்டம் நிற்கிறது. பீடோங்கில் குடியிருப்பவர் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைக்குப் போகிறார். பாடாங் செராயில் குடியிருப்பவர் கூலிமுக்குப் போகிறார். பிள்ளைகள் வேனில் ஏறித் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே நம் சோறும், படிப்பும், மருந்தும் நான்கு டயர்களின் மேல்தான் ஓடுகின்றன. அந்த டயர் ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் இடமோ ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான்! அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் ஒரு குடும்பமே பயணம் செய்கிறது.

டயர் வாங்கக் கடைக்குப் போகும் தொழிலாளி முதலில் கேட்பது என்ன? "இருப்பதிலேயே விலை குறைந்தது எது?" என்பதுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கையில் இருப்பதற்குத் தகுந்தபடிதான் கேட்க முடியும். இந்த மலிவு டயர்கள் எப்படி உழைக்கின்றன என்று வேன் ஓட்டுநர்கள், லாரி ஓட்டுநர்கள், வாடகைக் காடி ஓட்டுநர்கள், சொந்தக் காடியில் வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆகிய பலரிடம் விசாரித்தோம். அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கே வைக்கிறோம்.

முதலில் நல்ல செய்தி. கூலிமுக்கு நாள்தோறும் பழைய கஞ்சில் காடியில் போய்வரும் ஒரு தோழர், அதிகம் கேள்விப்படாத பெயர் கொண்ட மலிவு டயர் நான்கு போட்டார். இரண்டு ஆண்டுகள் ஓடியும் குறை சொல்லும்படி ஒன்றும் இல்லை, நாளாக ஆக இரைச்சல் மட்டும் கூடிவிட்டது என்றார். இவரைப் போலச் சொன்னவர்கள் இன்னும் பலர். ஆகவே மலிவு டயர் எல்லாம் மோசம் என்று இந்த மேடையில் கூச்சலிட நாங்கள் வரவில்லை. நிதானமான வேகம், சரியான காற்று, அளவான பாரம் இருந்தால் மலிவான புது டயரும் உழைக்கும்.

அடுத்து, அலோர் ஸ்டாரில் வாடகைக் காடி ஓட்டும் ஒருவரின் அனுபவம். அவருடைய டயர் புதிது. பூ ஆழமாக இருந்தது. வெயில் நாட்களில் எந்தத் தொல்லையும் இல்லை. மழை பிடித்த ஒரு மாலையில் சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்தார். காடி கோட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. எதிரில் எவரும் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

பூ ஆழமாக இருந்தும் ஏன் வழுக்கியது? இங்கேதான் டயரின் இரகசியம் இருக்கிறது. ஈரத்தில் பிடிப்பு, நீண்டநாள் உழைப்பு, எண்ணெய்ச் சிக்கனம் ஆகிய மூன்றையும் ஒரே டயரில் சேர்ப்பது கடினம். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். மூன்றையும் ஓரளவு சேர்த்துத் தருவதற்குத்தான் ஆராய்ச்சியும் உயர்ந்த கலவையும் வேண்டும். பணம் அங்கேதான் செலவாகிறது. அந்தச் செலவைக் குறைத்துச் செய்த டயர் காய்ந்த சாலையில் தன் குறையைக் காட்டாது. மழையில்தான் காட்டும். ஐரோப்பிய நாடுகளில் டயருக்கு டயர் ஈரப் பிடிப்பைத் தரம் பிரித்து முத்திரை ஒட்டுகிறார்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காடி ஈரச் சாலையில் நிற்பதற்கு, மிக உயர்ந்த தரத்துக்கும் மிகத் தாழ்ந்த தரத்துக்கும் இடையே 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். 18 மீட்டர் என்பது நான்கு காடிகளை வரிசையாக நிறுத்தும் தூரம்! அந்தத் தூரத்துக்குள் ஒரு பிள்ளை சாலையைக் கடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டி ஓட்டுவோர் வேறொரு குறை சொன்னார்கள். மலிவு டயரின் பக்கச் சுவர் புடைத்துக்கொள்கிறதாம். விசாரித்ததில், கல்லில் இடிபட்டால் விலை உயர்ந்த டயரும் புடைக்கிறது என்று தெரிந்தது. காற்றுக் குறைவாக இருக்கும்போது குழியிலும் கல்லிலும் ஏறினால், உள்ளே இருக்கும் நூல் அறுந்து சுவர் புடைக்கும். புடைத்த டயரை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. அன்றே கழற்றிவிட வேண்டும்.

இவை யாவற்றையும்விட மோசமானது எது? மலிவான புது டயர் அல்ல, தோழர்களே! பழைய டயர்தான். ஓர் ஓட்டுநர் ஒரு கடையில் செகண்ட் டயர் இரண்டு வாங்கினார். கறுப்பு மை பூசிப் பளபளவென்று இருந்தன. பூவும் பாதிக்கு மேல் இருந்தது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் குரூணைத் தாண்டும்போது ஒரு டயரின் மேல்பட்டை அப்படியே உரிந்து பறந்தது. வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோதுதான் டயரின் வயது பதினொன்று என்று தெரிந்தது. பால்மரத்தை வளர்த்த நமக்குத் தெரியாததா? ரப்பர் வெயிலிலும் வெப்பத்திலும் காய்ந்து வெடிக்கும் பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

செலுப் டயரைப் பற்றியும் கேட்கிறார்கள். தேய்ந்த டயரின் மேல் புதுப் பட்டை ஏற்றுவது குற்றமல்ல. ஆகாய விமான டயருக்கே அப்படிச் செய்கிறார்கள். முறையாகச் சோதித்து, நம் நாட்டுத் தர முத்திரையோடு வருகிறதா என்பதே கேள்வி. முத்திரை இல்லாததைத் தொடவேண்டாம்.

இன்னொரு விஷயம் எங்கள் மனத்தை மிகவும் உறுத்தியது. சில பள்ளி வேன்களில் வேனுக்குரிய டயர் இல்லை. சாதாரணக் காடி டயர் மாட்டியிருக்கிறார்கள். விலை குறைவு, அளவும் பொருந்துகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆனால் பாரம் பொருந்துகிறதா? டயரின் பக்கத்தில் 175/65 ஆர் 14 82 டி என்பதுபோல எழுதியிருக்கும். அந்த 82 என்ற எண், ஒரு டயர் 475 கிலோ பாரம் தாங்கும் என்பதற்கு அடையாளம். வேனுக்குரிய டயர் இதைவிட அதிகப் பாரம் தாங்கும்படி செய்யப்பட்டது. அளவைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பிள்ளைகளும் புத்தகப் பைகளும் நிறைந்த வேனைக் காடி டயரில் ஓட்டுவது, கயிறு தாங்காத தொட்டிலில் குழந்தையைப் போடுவது போன்றதே. வேன் ஓட்டுநரும் நம்மவர்தான். அவர் வருமானமும் சொற்பம்தான். அவரைத் திட்டுவதில் பயனில்லை. பெற்றோர்கள் அவரோடு உட்கார்ந்து பேசி வழி காணவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கிராணி வேலை பார்க்கும் எங்களுக்குக் கணக்குப் போடாமல் பேச்சு முடியாது. 130 வெள்ளி டயர் ஒன்று 25,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 220 வெள்ளி டயர் 50,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவதுக்கு ஆகும் செலவு 5 வெள்ளி 20 காசு. இரண்டாவதுக்கு 4 வெள்ளி 40 காசு. மலிவு என்று வாங்கியதே விலை கூடியதாகிறது! ஆனால் அதே மலிவு டயர் 40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டால் செலவு 3 வெள்ளி 25 காசுதான்; அப்போது மலிவே லாபம். ஆகவே விலையை மட்டும் பார்ப்பதும் தவறு, விளம்பரப் பெயரை மட்டும் பார்ப்பதும் தவறு. என்று மாட்டினோம், மீட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒரு சிறு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் நோட்டைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

கடையில் பணம் கொடுக்குமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, வயது. டயரின் பக்கத்தில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இரண்டாவது, பாரத்தின் எண். உங்கள் வண்டிக்குக் குறித்ததற்குக் குறையக்கூடாது. மூன்றாவது, தர முத்திரை. நான்காவது, இரண்டு டயர் மட்டுமே வாங்க வசதி இருந்தால் புதியதைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். பலரும் முன்னால்தான் மாட்டுகிறார்கள். மழைத் தண்ணீரில் பின்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி சுழன்றுவிடும். பிறகு எந்தக் கெட்டிக்காரராலும் திருப்ப முடியாது.

வாங்கிய பிறகு, ஓட்டுநர் பக்கத்துக் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவுப்படி காற்று வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். பூ 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படி குற்றம். பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். பூ அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர்தான்.

தோழர்களே, இது தனி மனிதர் காரியம் மட்டுமல்ல, சங்கத்தின் காரியமும்கூட. தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் நிர்வாக லாரிக்கும் டிராக்டருக்கும் நல்ல டயர் போடுவது நிர்வாகத்தின் கடமை. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பை முதலாளியின்மேல் வைத்திருக்கிறது. மொட்டை டயரைக் கண்டால் வாயால் முணுமுணுக்க வேண்டாம். வண்டி எண், தேதி, எந்தச் சக்கரம் என்று எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் இருப்பதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நல்ல டயர் லாபம் என்று கணக்குச் சொல்கிறது; ஆனால் நான்குக்கும் சேர்த்து 360 வெள்ளி கூடுதலாக ஒரே நாளில் எடுத்துவைக்க ஏழையால் முடிவதில்லை. ஏழைக்குத்தான் எல்லாம் விலை கூடுதலாகிறது! இதற்கு வழி ஒற்றுமைதான். 1960இல் துன் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நம் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் தொடக்கத்திலேயே அப்படி வாங்கப்பட்டது. தோட்டம் வாங்கிய கைகளால் டயர் வாங்க முடியாதா? ஒவ்வொரு கிளையிலும் இருபது பேர் சேர்ந்து மாதாமாதம் ஒரு தொகை கட்டினால், முறைவைத்து ஒருவருக்கு நான்கு டயர் வாங்கலாம். மொத்தமாகக் கேட்டால் கடைக்காரரும் விலை இறங்குவார். பழைய சரக்கை நம் தலையில் கட்டவும் தயங்குவார்.

உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு டயருக்கே போகிறது. சிறு காடி டயரில் அது ஒரு சிறு பங்குதான். பெட்ரோலியத்திலிருந்து செய்யும் ரப்பரும், கரித்தூளும், இரும்புக் கம்பியும், நூலும் மீதியாகும். பாரம் ஏற ஏற, லாரிக்கும் விமானத்துக்கும், இயற்கை ரப்பரின் பங்கு கூடுகிறது. வெப்பத்தையும் கிழிசலையும் தாங்குவதில் மரத்துப் பாலுக்கு நிகரில்லை என்பதே காரணம். அந்தப் பாலை இருட்டில் எழுந்து, கொசுக்கடியில் நின்று எடுத்தவர்கள் நம் தாய்தந்தையர்.

டயர் செய்தவர்களும் தொழிலாளர்களே. 1972 முதல் ஷா ஆலமில் இயங்கிய குட்இயர் ஆலை 2024இல் மூடப்பட்டது. ஏறத்தாழ 550 பேர் வேலை இழந்தனர். அலோர் ஸ்டாரிலுள்ள கான்டினென்டல் ஆலையில் 2025ஆம் ஆண்டின் இறுதியோடு உற்பத்தி நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்தது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வேலை அதில் அடங்கியது. உள்ளூர் ஆலைகள் மூடப்பட மூடப்பட, வெளியூர் மலிவுச் சரக்குதான் கடைகளில் குவியும். அதில் நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும்.

உலகத்தின் சக்கரங்களுக்கு ரப்பர் கொடுத்த குடும்பங்கள் மொட்டை டயரில் போய்ச் சாலையில் விழக்கூடாது. இன்று வீடு திரும்புமுன் உங்கள் வண்டியைச் சுற்றி ஒருமுறை வாருங்கள். நான்கு டயர்களின் வயதையும் படித்துவிட்டுப் பிறகு ஏறுங்கள்.