பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோச்சு. அதற்காக வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். லினக்ஸ் மிண்ட் இலவசம். 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் நல்லது. ஆனால் 64 பிட் ப்ராசசர் இல்லாவிட்டால் இப்போதைய மிண்ட் ஏறவே ஏறாது.

தொடங்கியதும் திரை கறுத்து நின்றால் பயப்படாதீங்க. பெரும்பாலும் டிஸ்ப்ளே தகராறுதான். ஆஃப் செய்து திரும்பப் போட்டு, முதல் மெனுவில் 'காம்பாட்டிபிலிட்டி மோட்' எடுப்போம்.

நாம் உண்மையிலேயே பயப்பட வேண்டியது 'எரேஸ் டிஸ்க்' கேட்கும் இடத்தில்தான். அதை ஒத்துக்கொண்டால் நம்ம குழுக் கணக்கு, கடன் பட்டியல், தீர்மானம் எல்லாம் அழிஞ்சிடும். முன்னாடியே பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்போம். லினக்ஸ் ஏற்றும் பென் டிரைவில் வைக்காதீங்க. அதைத் தயார் செய்யும்போதே உள்ளே இருப்பது போயிடும்.