உயரத்துக்குச் சாட்சி



பாறசாலையில் கிளைடர் ஓடுதளம் கிடையாது. ஆனாலும் கிளைடர் பறப்பைப் பதியும் கருவிகளைப் பற்றிய கருத்தரங்குக்கு இந்த வட்டாரம் மிகப் பொருத்தமானது. காந்த நடுக்கோடு அருகே செல்வதால்தான் இதே மாவட்டத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ஏவூர்தியைச் செலுத்தினார்கள். அந்தக் கோட்டை ஒட்டிய அயனமண்டலம் கொந்தளிப்பானது. பதிவுக் கருவி தன் இடத்தைக் கணிக்க நம்பியிருக்கும் செயற்கைக்கோள் சமிக்ஞை அதைக் கடந்து வரும்போது தாமதப்படுகிறது. சில நாட்களில், பொழுது சாய்ந்தபின், துடிதுடித்து அறுந்தும் போகிறது. கிளைடர் பகலில் பறப்பது என்பதால் அறுபடும் தொல்லை குறைவு. தாமதம் பகலிலும் உண்டு. அது உயரக் கணக்கில் பிழையாக வந்து நிற்கும்.

கிளைடர் ஓட்டுபவர் வெள்ளி பேட்ஜ் பெற 50 கிலோமீட்டர் தொலைவு, 5 மணி நேரப் பறப்பு, 1000 மீட்டர் உயர ஏற்றம் வேண்டும். வைரத்துக்கு ஏற்றம் மட்டுமே 5000 மீட்டர். இவற்றை யார் நம்புவது? ஒரு காலத்தில் பாரோகிராஃப் என்ற காற்றழுத்தப் பதிவுக் கருவியின் கடிகார உருளையில் புகையேற்றிய தகட்டைச் சுற்றி, முள் கீறும் கோட்டைப் பார்த்தார்கள். திரும்புமிடத்தைப் புகைப்படச் சுருள் காட்டியது. முத்திரையிட்டது அதிகாரபூர்வப் பார்வையாளர்.

இன்று அந்த வேலையை ஒரே பெட்டி செய்கிறது. உலகச் சாதனைக்கு உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்கும் கருவியில் இடங்காட்டியோடு அழுத்த உணரியும் தனியாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் அனைத்தும் தலைக்கு மேலேயே இருப்பதால் உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிடப் பெரிது. நம் அட்சரேகையில் அயனமண்டலமும் அதோடு சேர்கிறது. காற்றழுத்தமோ இதற்கெல்லாம் கட்டுப்படாத இன்னொரு சாட்சி. 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொது அடித்தளத்திலிருந்து அதை அளக்கிறோம். கோப்பில் மின்னணுக் கையொப்பம் இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் தோற்கும். மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் நுண்சுவிட்ச் பாதுகாப்பைக் குலைத்துவிடும். எஞ்சின் பொருத்திய கிளைடரில் அதன் இரைச்சலும் பதிவாகும்.

இத்தனைக்குப் பின்னும் பார்வையாளர் என்ற மனிதரை விதிகள் விட்டுவிடவில்லை. இது எனக்கு மிகப் பிடித்த பகுதி. இந்தக் கருவி எந்தக் கிளைடரில், யார் கையில் பறந்தது என்பதைக் கோப்பு தானாகச் சொல்லாது.

நம் நாட்டிலும் கிளைடர் வடித்தவர்கள் உண்டு. அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீரிடம், ஆர்த்ரா என்று நட்சத்திரப் பெயரிட்டார்கள். எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி 1961இல் பறந்தது. அந்த மரபைத் தொடர விரும்பும் நம் மாணவர்கள் மலிவான பதிவுக் கருவி செய்ய முன்வருவதை வரவேற்கிறேன். ஆனால் கைபேசி காட்டும் உயரத்தை மட்டும் நம்பி எழுதிய கட்டுரையை இந்த அவை ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் முடிவுகளோடு அழுத்த உணரியின் அளவுத்திருத்தச் சான்றையும், திருத்தப்படாத மூலக் கோப்பையும் இன்றே அமர்வுத் தலைவர்களிடம் கொடுங்கள்.