அடுப்படியில் ஒரு கல்வி

மக்களைப் பற்றிப் பெற்றோர் பெருமைப்பட்டுக் கொள்ளும் செய்திகள் பல. மகன் முதல் வகுப்பில் தேறினான் என்பார்கள். மகள் பாட்டுப் போட்டியில் பரிசு பெற்றாள் என்பார்கள். ஆனால், 'என் மகன் இன்று நன்றாகக் குழம்பு வைத்தான்' என்று நாலு பேர் நடுவே சொல்லும் தந்தையைக் காண்பது அரிது. சொன்னாலும், 'ஏன், வீட்டில் பெண்கள் இல்லையா?' என்று கேட்பவர் நகைப்பார். மகள் சமைத்தால் பாராட்டு உண்டு. ஆயினும் அப்பாராட்டின் அடியில், 'போகிற இடத்தில் நல்ல பெயர் எடுப்பாள்' என்னும் எண்ணம் ஒளிந்திருக்கும். மகனுக்கு அப்பெருமை மறுக்கப்படுகிறது. மகளுக்கோ அது வேறொரு வீட்டுக்காகச் சேமித்து வைக்கப்படுகிறது. இரண்டும் முறையல்ல என்பது என் கருத்து.

நம் முன்னோர் இப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. சிறந்த சமையலை நளபாகம் என்கிறோம், வீமபாகம் என்கிறோம். இருவரும் ஆடவர், அரச குலத்தில் பிறந்தவர்கள். நாட்டை இழந்து, பெயரை மறைத்து வாழ நேர்ந்தபோது அவர்களுக்கு ஒதுங்க இடம் தந்தது மடைத்தொழில்தான். செல்வம் போயிற்று, சேனை போயிற்று. கற்ற கலை மட்டும் கையில் இருந்தது.

தில்லையம்பதியாகிய சிதம்பரத்திலோ ஓர் எளிய மனிதரின் சமையல் திருவிழாவாகவே நிலைத்துவிட்டது. விறகு விற்று வாழ்ந்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விலைபோகாத ஒரு நாளில், வீட்டில் இருந்த மாவைக் கொண்டு களி கிண்டி, வந்த அடியவருக்கு அளித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மார்கழித் திருவாதிரையில் இன்றும் வீடுதோறும் களி கிண்டுகிறார்கள். படைத்த பொருள் எளியது. படைத்த மனம் பெரியது.

இனி என் வீட்டுச் செய்தி ஒன்று சொல்ல அனுமதி வேண்டுகிறேன். நாங்கள் சிதம்பரத்தில் வசிப்பவர்கள். ஒரு சமயம் என் மாமியார் நோயுற்றுக் கடலூரில் மருத்துவமனையில் இருந்தார். துணைக்கு என் மனைவி சென்றுவிட்டாள். வீட்டில் நானும், பத்தாம் வகுப்பில் படித்த மகனும், அவன் தங்கையும் இருந்தோம். மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டோம். நாலாம் நாள், 'அப்பா, நானே கொத்சு வைத்துப் பார்க்கிறேன்' என்றான் பையன்.

கத்தரிக்காய்க் கொத்சு எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டம். செய்முறை எளிதுபோல் தோன்றும். பிஞ்சுக் கத்தரிக்காயை நறுக்கி நல்லெண்ணெயில் வதக்கி மசித்து, புளிக்கரைசலில் கொதிக்கவிட்டு, கொத்தமல்லி விதை, மிளகாய் வற்றல், கடலைப்பருப்பு, வெந்தயம் ஆகியவற்றை வறுத்துப் பொடித்துச் சேர்க்க வேண்டும். பையன் எல்லாவற்றையும் ஒன்றாக வாணலியில் கொட்டி வறுத்தான். கடலைப்பருப்புச் சிவப்பதற்குள் வெந்தயம் கருகிற்று. கொத்சு முழுவதும் கசந்தது. தங்கை முகத்தைச் சுளித்தாள். அவனோ சினங்கொள்ளவில்லை. தாய்க்குத் தொலைபேசியில் பேசி, காரணம் கேட்டறிந்தான். மறுநாள் ஒவ்வொன்றையும் தனித்தனியே, இளஞ்சூட்டில் வறுத்தான். தங்கை இன்னொரு கரண்டி கேட்டாள்.

மாணவர்களே, இதில் எத்தனை பாடம் அடங்கியிருக்கிறது, பாருங்கள். நறுக்கிய கத்தரிக்காயை ஏன் நீரில் போடுகிறோம்? வெட்டுண்ட இடத்தில் காற்றுப் பட்டால் கறுக்கும். நீர் அதைத் தாமதப்படுத்தும். சாம்பாரில் பருப்பு வெந்த பிறகே புளியை ஏன் சேர்க்கிறோம்? புளிப்பு முன்னரே சேர்ந்தால் பருப்பு எளிதில் குழையாது. பள்ளியில் அமிலம் என்று நீங்கள் படிப்பது அடுப்பில் இவ்வாறு வேலை செய்கிறது. கவனம், வரிசை, பொறுமை, பிழை கண்டு திருத்துதல் ஆகியவை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

இந்த அறிவு நெடுங்காலம் கைவழியாகவும் கண்வழியாகவுமே வந்தது. அதை எழுத்தில் ஏற்றியவர்களுள் எஸ். மீனாட்சி அம்மாள் குறிப்பிடத் தக்கவர். உறவினர் பலரும் அவரிடம் செய்முறை கேட்டு எழுதுவது வழக்கம். மாமா கே. வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் அவர் நூல் எழுதினார். 'சமைத்துப் பார்' என்னும் அந்நூல் 1951இல் வெளிவந்தது. பெயரே ஓர் அறிவுரை. படித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை. சமைத்துப் பார் என்றார்.

என் மகன் செய்தியை முடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழுந்து சமைத்து, தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கடலூருக்குப் பேருந்து ஏறினான். எட்டு நாளாகக் கிடைத்ததை உண்டிருந்த தாய்க்குத் தன் கையால் பரிமாறினான். திரும்பி வந்தபின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்: 'அம்மா தினமும் இத்தனை வேலையையும் தனியாகவா செய்கிறாள்?' கொத்சு சுவையாக இருந்ததற்காக நான் மகிழ்ந்தது உண்மை. ஆனால் பெருமை கொண்டது அந்தக் கேள்விக்காகவே. நாள்தோறும் கண்முன் நடந்தும் கண்ணில் படாத ஓர் உழைப்பு, தன் கை சுட்டபோது அவனுக்குத் தெரிந்தது.

உணவளிக்கும் அறம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. வருவோர் சாதி, மதம், ஊர் எதுவும் கேட்கப்படாமல் அங்கே உணவு பெறுகின்றனர். பசியை ஓர் உயிரின் துன்பமாகக் கண்டவர்க்கு, சமையல் தாழ்ந்த வேலையாகத் தோன்றாது.

ஆகவே, மாணவ மாணவியரே, விடுமுறை நாளில் ஒருவேளையேனும் நீங்கள் அடுப்பருகே நில்லுங்கள். நாளை கல்லூரி விடுதியிலோ அயலூரிலோ தனித்து வாழும்போது அது உங்களைக் காக்கும். அதனினும் மேலாக, பிறர் பசியை அறியும் பழக்கம் உங்களுக்கு வரும். பெற்றோர்க்கும் ஒரு சொல்: முதல் நாள் கொத்சு கசந்தால் சிரிக்காதீர்கள். மகனானாலும் மகளானாலும், இலையில் இட்டதை உண்டு, 'நாளைக்கும் வை' என்று சொல்லுங்கள்.