கிளினிக் தோட்டத்துக்கு வரட்டும்



2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் 100 பேரில் 12 பேர் 60 வயதைத் தொட்டவர்களாக இருந்தார்கள். அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. நம் லயங்களைப் பாருங்கள். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். பிரஷரோடும் சீனி வருத்தத்தோடும் வீட்டில் இருப்பது தாத்தா பாட்டிமார்தான்.

மாதக் கிளினிக் டவுன் ஆஸ்பத்திரியில். துணைக்கு ஓர் ஆள் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. ஆட்டோக் கூலி வேறு. "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று மருந்தை விடுகிறார்கள். பாரிசவாதம் வந்து விழுந்த பிறகு 1990 அம்புலன்சுக்கு அடிக்கிறோம்.

நாம் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. மாதம் ஒருநாள் டாக்டரும் தாதியும் மருந்தோடு தோட்ட டிஸ்பென்சரிக்கு வரவேண்டும். பிரஷரும் சீனியும் அங்கேயே பார்க்கலாம்.

செக்ரோலில் பேர் நின்றவர்கள் தோட்டக் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவர்களுக்குத் திட்டத்தில் எப்படி இடம் கிடைக்கும்? ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் போய், 60 வயதானவர்களின் பெயர், வருத்தம், கிளினிக் நாள் மூன்றையும் எழுதுவோம். படிக்கிற பிள்ளைகள் கொப்பி பிடிக்கட்டும். அந்தப் பட்டியலோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எல்லோரும் சேர்ந்து போவோம்.

உழைத்து ஓய்ந்தவர்களை இன்று எண்ணாமல் விட்டால், நாளைக்கு நம்மையும் எண்ண ஆளிருக்காது.