ஜோடி வேணுமா, ஒண்ணு போதுமா? பியர்டட் டிராகன் வளர்க்க நினைக்கிறவங்களுக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஊர்வன பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "பியர்டட் டிராகன் ஒண்ணு மட்டும் வாங்கினா அதுக்குத் தனிமையா இருக்காதா? ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு வாங்கிடலாமா?" கடையிலயும் அப்படித்தான் விப்பாங்க. "ஜோடியா எடுத்தா ரேட் கம்மி சார், குட்டி போட்டா காசும் பார்க்கலாம்."

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஒண்ணு போதும். ஏன்னு சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல இது யாருன்னு பார்ப்போம். நம்ம ஊர் ஓணான் இருக்கே, அதுவும் இதுவும் ஒரே குடும்பம், அகாமிடே. ஓணான் தலையை மேலயும் கீழயும் ஆட்டும் இல்லையா, இதுவும் ஆட்டும். ஆண் ஓணானுக்குக் கழுத்து சிவக்கும். இதுக்குத் தாடி கறுக்கும். ஊர் மட்டும் வேற. கிழக்கு ஆஸ்திரேலியாவோட உட்பகுதி, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து வறண்ட காடும் புதரும். வேலிக் கம்பம் மேல ஏறி வெயில் காயும். ஒரு கம்பத்துக்கு ஒண்ணுதான். பக்கத்துல இன்னொண்ணு வந்தா தாடியை விரிக்கும், இல்லைன்னா முன்னங்கை ஒண்ணைத் தூக்கி மெதுவா ஆட்டும். இன்ஸ்டாகிராம்ல "ஹாய் சொல்லுது பாருங்க"ன்னு போடறாங்களே, அதேதான். அதுக்கு அர்த்தம் "நான் சின்னவன், என்னை விட்டுடு".

இன்னொரு போட்டோவும் வரும். ரெண்டு டிராகன், ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், கீழ ஹார்ட் எமோஜி. மேல இருக்கிறது விளக்கோட சூட்டையும் வெளிச்சத்தையும் எடுத்துக்குது, கீழ இருக்கிறதுக்கு அது கிடைக்கல. அவ்வளவுதான் அந்தக் காதல். தனிமைங்கிறது நம்ம பிரச்சினை, அதோட பிரச்சினை இல்லை.

சரி, அந்த ஒண்ணுக்கு எவ்வளவு இடம்? முழுசா வளர்ந்தா வாலோட சேர்த்து ஒன்றரை அடிக்கு மேல வரும். குறைஞ்சது நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரம். மீன் தொட்டி சைஸ்ல வச்சிட்டு "குட்டியாத்தானே இருக்கு"ன்னு சொல்லாதீங்க, ஒரு வருஷத்துல கிட்டத்தட்ட முழு உருவத்துக்கு வந்துடும். நீளம் ஏன் வேணும்னா, ஒரு பக்கம் சூடு, மறு பக்கம் குளுமை ரெண்டும் இருக்கணும். வெயில் காயற கல்லோ கட்டையோ, அதோட மேல்பரப்பு 40 டிகிரியை ஒட்டி இருக்கணும். மறுகோடி 25-ஐ ஒட்டி. நடுவுல தனக்கு எது தேவையோ அதுவே போய் உட்கார்ந்துக்கும். வெப்பநிலையைக் கையால தொட்டுப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க.

சென்னைல கஷ்டமே அந்த 25 டிகிரிதான். சூட்டுக்குப் பஞ்சமே இல்லை. மே மாசம் ஏ.சி. இல்லாத அறைல ராத்திரி பத்து மணிக்கும் 32, 33 இருக்கும். அப்போ தொட்டிக்குள்ள குளிர்ந்த பக்கம்னு ஒண்ணே கிடையாது, சூடான பக்கமும் ரொம்பச் சூடான பக்கமும்தான். அதோட ஈரப்பதம். இது வறண்ட ஊர்ப் பிராணி, 30, 40 சதவீதம் போதும். கடற்கரை ஊர்ல அது பெரும்பாலும் இதைவிட ரொம்ப அதிகமாவே இருக்கும். தொடர்ந்து ஈரக்காத்துலயே இருந்தா நுரையீரல் தொற்று வரும். அதனால கேட்கக் கசப்பா இருந்தாலும் சொல்றேன்: கோடையில ஏ.சி. ஓடற அறைல வைக்க முடியாதுன்னா, இந்தப் பிராணி உங்களுக்கு வேண்டாம். கோயம்புத்தூர்க்காரங்களுக்குக் கொஞ்சம் சுலபம்.

அடுத்தது யு.வி.பி. வெளிச்சம். இது இல்லாம வைட்டமின் டி3 உருவாகாது, டி3 இல்லாம கால்சியம் உடம்புல சேராது, எலும்பு ரப்பர் மாதிரி வளையும். தாடை வீங்கி, கால் கோணி, நடுங்கிக்கிட்டு வர்ற குட்டிகள் எல்லாம் இதுதான். ஜன்னல் ஓரமா வச்சிருக்கேன்னு சொல்வாங்க. கண்ணாடி யு.வி.பி-யை உள்ள விடாது. சின்னச் சுருள் பல்பும் போதாது; தொட்டியோட பாதி நீளத்துக்கு மேல வர்ற டி5 டியூப் வேணும், வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும் மாத்தணும். மேல வலை போட்ட மூடி இருந்தா அந்த வலையே கணிசமான வெளிச்சத்தைத் தடுக்கும், அதுக்கு ஏத்த மாதிரி தூரத்தைக் குறைக்கணும். நமக்கு ஒரு வசதி, மொட்டை மாடி. காலை வெயில்ல, வலைக்கூண்டுல, பாதி நிழலோட, பக்கத்துலயே நீங்க நின்னுக்கிட்டு இருபது நிமிஷம். காக்காயும் பருந்தும் பார்த்துக்கிட்டேதான் இருக்கும். கண்ணாடித் தொட்டியோட மட்டும் வெயில்ல வச்சிடாதீங்க, சில நிமிஷத்துல உள்ள அடுப்பாகிடும்.

சாப்பாட்டுக்குத் தனி எபிசோட் போடறேன். ஒண்ணே ஒண்ணு: ஊருக்குப் போனப்ப மின்மினிப் பூச்சி பிடிச்சுக் கொடுக்கலாம்னு தோணினா, வேண்டாம். ஒண்ணே கொன்னுடும்.

இப்போ அந்த ஜோடிக்கு வருவோம். ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டில விட்டா என்ன நடக்கும்? ஆண் விடாம துரத்தும், கழுத்தைக் கடிக்கும். பெண்ணுக்கு ஒளிய இடம் இல்லை. ஒரு தடவை கலந்தா போதும், பெண் அந்த விந்தை உடம்புக்குள்ளயே சேமிச்சு வச்சுக்கும். ஒரு ஈட்டுக்கு 15-ல இருந்து 30 முட்டை வரைக்கும். மூணு நாலு வாரம் கழிச்சு அடுத்த ஈடு. ஆணைக் கண்ணுல காட்டாமலே ஒரே சீசன்ல மூணு, நாலு ஈடு வரும். முட்டை ஓட்டுக்கான கால்சியம் எங்க இருந்து வரும்? சாப்பாட்டுல இல்லைன்னா அதோட எலும்புல இருந்து. ஒரு வயசுகூட ஆகாத, பாதி வளர்ந்த பெண்ணை ஜோடின்னு வித்திருப்பாங்க. அதோட வளர்ச்சி அங்கயே நின்னுடும். முட்டை உள்ளயே சிக்கிக்கிட்டா அறுவை சிகிச்சைதான். அதைப் பண்ணத் தெரிஞ்ச டாக்டர் நம்ம ஊர்ல எத்தனை பேர்னு வாங்கறதுக்கு முன்னாடி தேடிப் பாருங்க.

கணக்கு போடுவோம். ஈட்டுக்கு இருபது, மூணு ஈடுன்னா அறுபது குட்டி. பொரிச்சு வர்றப்போ ஒவ்வொண்ணும் ரெண்டு, மூணு கிராம்தான். முதல் ஈட்டோட இருபது குட்டியை மட்டும் எடுத்துக்கோங்க. ஒரு குட்டி ஒரு நாளைக்குச் சின்னக் கிரிக்கெட் பூச்சி முப்பது சாப்பிடுதுன்னு வச்சுக்கிட்டா, நாளைக்கு 600. எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டியைக் கைமாத்தக் கூடாது. அப்போ 33,600 பூச்சி. இதுல ரெண்டாவது ஈடு வரல, மூணாவது வரல. எல்லாக் குட்டியையும் ஒரே பெட்டில போட்டா ஒண்ணோட விரலை ஒண்ணு கடிச்சுத் துண்டாக்கும், வால் நுனி போகும். பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும்னு நமக்குத் தெரியும். இதுக்கு முளைக்காது. அதனால சைஸ் வாரியா பிரிச்சு, நாலஞ்சு பெட்டி, ஒவ்வொண்ணுக்கும் யு.வி.பி., ஹீட் லேம்ப். "காசு பார்க்கலாம்"னு சொன்னவர் இந்தக் கரண்ட் பில்லைச் சொல்லல.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதே சமயம் நம்ம ஊருக்கு நேரடியா சம்பந்தப்பட்டது. மனுஷங்கள்ல எக்ஸ், ஒய் குரோமோசோம் மாதிரி இதுக்கு இசட், டபிள்யூ. இசட்-இசட் ஆண், இசட்-டபிள்யூ பெண். ஆனா முட்டை சுமார் 32 டிகிரிக்கு மேல இருந்தா, மரபணுப்படி ஆணா இருக்க வேண்டியது பெண்ணாப் பொரிச்சு வரும். சும்மா தோற்றத்துல இல்லை, முட்டை போடற முழுப் பெண். 2015-இல் கிளேர் ஹோலிலியும் அவருடைய குழுவும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். காட்டில் பிடித்த 131 டிராகன்களில் 11, இப்படி ஆண் மரபணுவோடு பெண்ணாக மாறியவை. அவை சாதாரணப் பெண்களைவிட அதிகமாக முட்டையிட்டன என்பதையும் கண்டனர். அந்தப் பெண்ணும் ஒரு சாதாரண ஆணும் சேர்ந்தா, குட்டிகள்ல டபிள்யூ குரோமோசோமே இருக்காது. அதுக்கப்புறம் ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது வெப்பநிலை மட்டும்தான்.

இதை ஏன் சொல்றேன்? முட்டையை 28, 29 டிகிரில, ரெண்டு மாசத்துக்கு மேல வைக்கணும். நீங்க ஆன்லைன்ல வாங்கற சாதாரண இன்குபேட்டர் சூடு மட்டும்தான் பண்ணும், குளிர வைக்காது. அறையே 34-ல இருக்கும்போது அது செட்டிங்ல 28-னு காட்டிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம உட்கார்ந்திருக்கும். குளிர வைக்கவும் தெரிஞ்ச கருவி வேணும், இல்லைன்னா அறையையே குளிர வைக்கணும், ரெண்டு மாசத்துக்கும் இன்வெர்ட்டர் பேக்கப்போட. இல்லைன்னா ஒண்ணு முட்டை கெடும், இல்லை பெண் குட்டியா குவியும்.

மரபுன்னு வந்ததும் ஒண்ணு. முதுகுல முள்ளு குறைஞ்சு மழமழன்னு இருக்கிற வகைக்கு லெதர்பேக்னு பேர். ரெண்டு லெதர்பேக்கைச் சேர்த்தா நாலுல ஒண்ணு செதிலே இல்லாத சில்க்பேக்கா வரும். பார்க்கப் பட்டுத் துணி மாதிரி, விலையும் ஜாஸ்தி. ஆனா செதில்தான் அதோட சட்டை. அது இல்லாம லேசா உரசினாலே கிழியும், விளக்குல சுடும், தோல் உரியறப்போ விரல்ல சிக்கி இறுகும். தெரிஞ்சே அதை உருவாக்கறதை நான் வளர்ப்புன்னு சொல்ல மாட்டேன். அதே மாதிரி, கடைல "ஜோடி"ன்னு கொடுக்கிறது பெரும்பாலும் ஒரே ஈட்டுல பிறந்த அண்ணன் தங்கச்சி. எங்க இருந்து வந்ததுன்னு கேளுங்க. ஆஸ்திரேலியா தன்னோட காட்டுப் பிராணிகளை வணிகத்துக்கு வெளிய அனுப்பறதை நிறுத்திப் பல பத்தாண்டு ஆச்சு. உலகம் முழுக்க இருக்கிற வளர்ப்பு டிராகன்கள் அதுக்கு வெளிய போன சில பிராணிகளோட வாரிசுங்கதான். பாங்காக் விமானத்துல பெட்டிக்குள்ள அடைச்சு வந்த அயல்நாட்டுப் பிராணிகளைச் சென்னை ஏர்போர்ட்ல பிடிச்ச செய்தி அடிக்கடி பார்க்கறோம். நம்ம நாட்டுல திருத்தின வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. சைட்டிஸ் பட்டியல்ல இருக்கிற அயல்நாட்டு உயிரினங்களைப் பதிவு பண்ணணும், குட்டி பிறந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தெரிவிக்கணும்னு 2024-ல விதிகளும் வந்தாச்சு. பட்டியல் மாறிக்கிட்டே இருக்கும், வாங்கற அன்னைக்கு நிலவரம் என்னன்னு வனத்துறைகிட்ட கேட்டுக்கோங்க. பேப்பர் கேட்டா மழுப்பற ஆள்கிட்ட வாங்காதீங்க.

அப்போ யாருமே இனப்பெருக்கம் பண்ணக் கூடாதான்னு கேட்டா, அப்படிச் சொல்லல. நல்லா பண்றவங்களை எனக்குத் தெரியும். பெண்ணுக்கு ரெண்டு வயசு ஆகற வரைக்கும் காத்திருப்பாங்க. சாணத்தைப் பரிசோதிச்சு, அடினோவைரஸ் டெஸ்ட் எடுத்து, ரெண்டும் உறவு இல்லைன்னு உறுதி பண்ணிக்கிட்டு, கலக்கிறதுக்கு மட்டும் சேர்த்து, உடனே பிரிச்சிடுவாங்க. வாங்கப் போறவங்க பேரை முதல்ல எழுதி வச்சுக்கிட்டு, பத்துப் பேர் இருந்தா பத்து முட்டையைத்தான் இன்குபேட்டர்ல வைப்பாங்க. மிச்சம்? இட்ட அன்னைக்கே, டப்பால போட்டு ஃப்ரீஸர்ல. கரு வளர ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. கேட்கக் கஷ்டமா இருக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க. மூணு மாசம் கழிச்சு அறுபது குட்டிக்கு வீடு தேடி வாட்ஸ்அப் குரூப்ல "ஃப்ரீ, யாராவது எடுத்துக்கோங்க"ன்னு போடறது அதைவிடக் கஷ்டம். எனக்கு அந்த மாதிரி வர்ற குட்டிகளுக்குப் பாதிக்கு மேல விரல் இருக்காது.

கடைசியா ஒரு கேள்வி: "என்கிட்ட ஒரே ஒரு பெண்தான் இருக்கு, ஆண் கிடையாது. ரெண்டு நாளா சாப்பிடல, தொட்டி மூலையைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. என்ன ஆச்சு?" முட்டையா இருக்க வாய்ப்பு அதிகம். நம்ம வீட்டுக் கோழி மாதிரி, ஆண் இல்லாமலும் முட்டை போடும், கரு இருக்காது. பெரிய பிளாஸ்டிக் டப்பால ஒரு அடி ஆழத்துக்கு மண்ணும் மணலும் கலந்து ஈரப்படுத்துங்க. விரலால துளை போட்டா இடிஞ்சு விழாம நிக்கணும், அந்த அளவு ஈரம். அதுக்குள்ள விட்டுட்டு ஒரு துணியால மறைச்சிட்டு நகர்ந்துடுங்க, பார்த்துக்கிட்டே இருந்தா போடாது. போட்டு முடிச்சதும் வயிறு ஒட்டி, பசியோட வெளிய வரும். தண்ணி கொடுங்க, கால்சியம் தூவின பூச்சி கொடுங்க. முட்டைங்களை ஃப்ரீஸர்ல வச்சிட்டுக் குப்பைல போடலாம். ஒரு நாளுக்கு மேல தோண்டியும் முட்டை வரல, இல்லை தோண்டறதை நிறுத்திட்டுச் சோர்ந்து படுத்திடுச்சுன்னா, எனக்கு மெசேஜ் போட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.